பற்றுச்சீட்டில் இல்லாத வரி

எமது பகுதியில் ஒரு வீடு கட்டத் தொடங்கினால் எல்லாவற்றுக்கும் பேச்சு உண்டு. சமையலறை எந்தப் பக்கம் வர வேண்டும், நிலை தேக்கிலா வேம்பிலா, தரைக்கு டைல்ஸ் பதிப்பதா சீமெந்து இழுப்பதா என்று உம்மாவும் சாச்சிமாரும் மாதக்கணக்கில் பேசுவார்கள். மலசலகூடக் குழியைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. ஒரு நாள் மேசன் வளவின் பின்பக்கம் போய், எந்த இடம் சும்மா கிடக்கிறதோ அதைக் காலால் காட்டி, "இதில வெட்டுவம்" என்பார். அவ்வளவுதான். கொங்கிரீட் வளையங்கள் இறங்கும். மேலே பிளேட் மூடப்படும். அதன் மேல் மண் போட்டு ஒரு செவ்வரத்தஞ் செடியும் நட்டு விடுவார்கள். செடி செழிப்பாக வளரும். குழி மறந்து போகும்.

இலக்கியச் சஞ்சிகையில் இதையெல்லாம் எழுதுவதா என்று என் வகுப்புத் தோழி முகத்தைச் சுளித்தாள். அவளுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: நாம் சொல்லக் கூசும் 'கக்கூஸ்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுப் போனது. கற்பிட்டிக் கோட்டையைக் கட்டியவர்களின் மொழியில் 'கக்ஹவுஸ்'. கோட்டையைப் பற்றி ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவி இந்தச் சஞ்சிகையில் கட்டுரை எழுதுகிறார். அந்தச் சொல்லின் மறுபாதியைப் பற்றியும் ஒரு தடவை எழுதலாம் தானே.

நான் சொல்ல வருவது எமது தண்ணீரைப் பற்றி. அதற்கு முதலில் எமது மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கற்பிட்டிக் குடாநாடு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, நடுவில் மணல். இங்கே ஆறு இல்லை. மாரி மழை மணலுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புநீரின் மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. நன்னீர் உவர்நீரைவிட அடர்த்தி குறைந்தது என்பதால்தான் அது மிதக்கிறது. எமது கிணறுகள் எல்லாம் அந்தப் படையிலிருந்தே அள்ளுகின்றன. ஆழமாகத் தோண்டினால் உப்பு வந்துவிடும், ஆகவே எல்லாக் கிணறும் ஆழங்குறைந்த கிணறுதான். அந்த ஆழங்குறைந்த நீருக்கு மேலே, அதே மணலில்தான் எமது குழிகளும் இருக்கின்றன. களிமண்ணாக இருந்தால் அழுக்கு மெதுவாக நகரும், வழியில் ஓரளவு வடிகட்டப்படும். மணலில் தண்ணீர் விறுவிறு என்று இறங்கிவிடும். வெங்காயத் தோட்டத்துக்கு ஒரு நாளில் எத்தனை தடவை தண்ணீர் இறைக்கிறார்கள் என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

கற்பிட்டி நிலத்தடி நீரில் நைத்திரேற்று அதிகம் என்பது புதிய செய்தி அல்ல. 1980களிலேயே ஆய்வாளர்கள் அளந்து எழுதிவிட்டார்கள். அதில் பெரும் பங்கு உரத்துக்கு உரியது, அதை மறைத்துப் பயனில்லை. ஆனால் வெங்காயமும் மிளகாயும் பயிரிடாத, வீடுகள் மட்டும் நெருங்கி நிற்கும் இடங்களில் கிணற்றுக்கு மிக அருகில் இருப்பது உரமூட்டை அல்ல, குழி. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குச் சொல்லும் உச்ச அளவு ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அதற்கு மேல் போனால் முக்கியமாகப் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகள். இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கும். இதில் தாய்மார் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் சாகும். நைத்திரேற்று சாகாது, அது உயிர் அல்ல. நீர் ஆவியாகிக் குறையக் குறைய எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடும்.

மத்ரஸாவில் தண்ணீரின் நிறமும் மணமும் சுவையும் மாறுவதைப் பற்றிப் படித்திருக்கிறோம். வுழுவுக்கான சட்டம் அது. ஆனால் நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலத்திலிருந்து வரும் ஈ.கோலை பற்றீரியாவும் கண்ணுக்குத் தெரிவதில்லை. வுழுச் செய்யப் போதுமான நீர் எல்லாம் கைக்குழந்தையின் புட்டியில் ஊற்றப் போதுமான நீர் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் 50 அடி இருக்க வேண்டும் என்று பொது சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். சற்றுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது ஏறத்தாழ 2,722 சதுர அடி. சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 52 அடி. அதாவது காணியின் ஒரு கோடியில் கிணறும் மறு கோடியில் குழியும் வைத்தால்தான் அந்த 50 அடி கிடைக்கும். வைத்தாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். வேலிக்கு அந்தப் பக்கத்து வீட்டாரின் கிணறு எங்கே இருக்கிறது? எமது குழியிலிருந்து பத்தடியில். அவர்களும் சட்டப்படிதான் வைத்திருப்பார்கள்.

எமது பழக்கவழக்கமும் இதில் சேர்கிறது. பெண் பிள்ளைக்கு வீடு கொடுக்க வேண்டும் என்று வளவைப் பிரிக்கிறோம். மூன்று மகள்மார் இருந்தால் ஒரு வளவு மூன்றாகிறது, மூன்று வீடும் மூன்று குழியும் வருகின்றன. கிணறு மட்டும் பெரும்பாலும் பழைய ஒன்றே. நடுவில் அகப்பட்டுக்கொண்டு நிற்கிறது. சீதனத்தைப் பற்றி எத்தனையோ கோணங்களில் இந்தப் பக்கங்களில் எழுதியிருக்கிறோம், குழிகளின் எண்ணிக்கைக் கோணத்தில் யாரும் எழுதியதாக நினைவில்லை.

இன்னொரு காரணத்தை எமது வீட்டு மூத்தவர்களிடம்தான் கேட்க வேண்டும். 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்கே. என் உம்மம்மா மன்னாரிலிருந்து கைக்குழந்தையோடு வந்தவர். முகாமில் ஓலைக் குடிசையைவிட, பசியைவிட அவர் அதிகம் சொல்வது மலசலகூடத்தைப் பற்றித்தான். பெண்கள் சுபஹுக்கு முன், இருட்டோடு இருட்டாக வரிசையில் நிற்பார்களாம். பகலில் தண்ணீர் குடிக்கவே பயப்படுவார்களாம், பிறகு போக வேண்டி வரும் என்று. குழி நிரம்பினால் அதற்குப் பக்கத்தில் இன்னொன்று வெட்டுவார்கள், அதுவும் நிரம்பினால் அடுத்தது. 2007இல் உலக வங்கியின் உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் தொடங்கியபோதுதான் பல குடும்பங்கள் முதன்முதலாகத் தமக்கென்று ஒரு மலசலகூடத்தைக் கண்டன. அந்த மலசலகூடத்தை ஒரு கண்ணியமாகவே எங்கள் மூத்தவர்கள் பார்த்தார்கள். அதன் குழிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று கேட்கும் நிலையில் அன்று அவர்கள் இருக்கவில்லை. இன்று கேட்பதற்கு எமக்கு எந்தத் தடையும் இல்லை.

என்ன நடக்கிறது? முறையாகக் கட்டிய செப்டிக் தாங்கி என்பது அடியும் சுவரும் நீர் கசியாத ஒரு தொட்டி. உள்ளே வருவது மூன்றாகப் பிரியும். கனமானது அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் கொழுப்பும் மேலே ஆடையாக மிதக்கும், நடுவில் ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். அந்த நடுநீர் மட்டுமே அடுத்த கசிவுக்குழிக்குப் போக வேண்டும். ஒட்சிசன் இல்லாமல் வாழும் பற்றீரியாக்கள் சேற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். ஆனால் முழுவதையும் சிதைக்காது. சேறு ஏறிக்கொண்டே வரும். தொட்டியின் மூன்றில் ஒரு பங்கு சேறாகிவிட்டால் நீர் தெளிவதற்கு இடமில்லை, அப்போது வெளியே எடுத்தாக வேண்டும். சாதாரணக் குடும்பத்துக்கு மூன்று முதல் ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்று சொல்லலாம். இதற்கெல்லாம் எஸ்.எல்.எஸ். 745 என்ற இலக்கத்தில் ஒரு நியமமே நாட்டில் இருக்கிறது.

எமது வளவுகளில் பெரும்பாலும் இருப்பது அது அல்ல. அடி இல்லாத வளையக் குழி. அதைப் பற்றிப் பெருமை வேறு. "எங்கட குழி இருவது வருசமா நிரம்பல்ல" என்று ஒரு மாமி கலியாண வீட்டில் சொன்னபோது சுற்றியிருந்தவர்கள் அதை ஒரு பாக்கியம் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு அவர்கள் வீட்டுக் கிணறுதான் கண்ணுக்கு முன் வந்தது. ஆறு பேர் இருபது வருடமாகப் பயன்படுத்திய குழி நிரம்பவில்லை என்றால், அதற்குள் போனது எங்கேயோ போயிருக்கத்தான் வேண்டும். மணலில் அது போகக்கூடிய இடம் ஒன்றே ஒன்று. உண்மையில் பவுசரைக் கூப்பிட வேண்டிய நிலைக்கு வரும் தாங்கிதான் தன் வேலையைச் செய்யும் தாங்கி. நிரம்பாத குழியைக் கண்டுதான் நாம் கவலைப்பட வேண்டும்.

1854இல் லண்டனில் புரோட் ஸ்ட்ரீட் என்ற தெருவில் சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டோர் கொலராவால் இறந்தார்கள். ஜோன் ஸ்னோ என்ற வைத்தியர், எல்லோரும் ஒரே பம்பிலிருந்து தண்ணீர் எடுத்தவர்கள் என்று கண்டுபிடித்த கதையை எமது உயிரியல் ஆசிரியை சொல்லித் தந்தார். கதையின் அடுத்த பகுதி அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. அந்தக் கிணற்றுக்கு மூன்று அடிக்கும் குறைவான தூரத்தில் ஒரு வீட்டின் மலக்குழி இருந்தது. நோயுற்ற கைக்குழந்தையின் துணிகளை அலசிய தண்ணீரை அந்தக் குழியில்தான் ஊற்றியிருக்கிறார்கள். பிறகு தோண்டிப் பார்த்தபோது குழியின் செங்கற்கள் சிதைந்திருந்தன. யாரும் நிரம்பாத குழியைச் சந்தேகிக்கவில்லை.

சரி, குழி நிரம்புகிறது, பவுசர் வருகிறது. எமது ஊரில் கலி பவுசர் ஒரு வீட்டு வாசலில் நின்றால் அக்கம்பக்கத்தார் ஜன்னலைச் சாத்துவார்கள். நான் சாத்தவில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தபோது வெளியே நின்று பார்த்தேன். குழாய் 'இழுக்கிறது' என்று சொல்கிறோம், அது சரியல்ல. பவுசரின் பம்பு தன் தாங்கிக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றி அமுக்கத்தைக் குறைக்கிறது. வெளியே இருக்கும் வளிமண்டல அமுக்கம்தான் குழியிலுள்ளதை மேலே தள்ளுகிறது. பௌதிகவியலில் படித்த விடயம் வீட்டுக் கொல்லையில் நடக்கிறது. தண்ணீராக இருந்தால் ஏட்டுக் கணக்கில் பத்து மீற்றர் வரை ஏறும், சேறு அப்படி ஏறாது. ஆகவே பல வருடம் விட்டுவிட்ட குழியில் மேல்நீர் மட்டும் போய், அடிச்சேறு சீமெந்து போல இறுகி நிற்கும். "தண்ணியை மட்டும் உறிஞ்சிட்டுக் காசை வாங்கிட்டான்" என்று பிறகு குறை சொல்வோம். அதில் பாதி, காலத்துக்குக் கூப்பிடாத எமது பங்கு.

அப்படி இறுகினால்தான் ஆபத்து தொடங்குகிறது. யாராவது ஒருவர் மண்வெட்டியோடு உள்ளே இறங்க நேரிடும். குழிக்குள் மெதேன் உண்டு, ஐதரசன் சல்பைட்டு உண்டு. பின்னது அழுகிய முட்டை மணம். செறிவு கூடினால் அது மணமறியும் நரம்பையே மரக்கச் செய்துவிடும். "இப்ப நாத்தம் இல்ல, இறங்கலாம்" என்று நினைக்கும் அந்த நேரமே மிகக் கொடிய நேரம். முதலில் இறங்கியவர் மயங்கி விழ, அவரைத் தூக்க இரண்டாமவர் இறங்கி அவரும் விழுவதுதான் உலகம் முழுக்க இந்த விபத்துகளின் வடிவம். இந்தியாவில் மனிதரை மலக்குழிக்குள் இறக்கி வேலை வாங்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அதன் பிறகும் மரணங்கள் நிற்கவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு 10 இலட்சம் ரூபா என்று 2014இல் சொன்ன அந்நாட்டு உச்ச நீதிமன்றம், 2023 ஒக்டோபரில் அதை 30 இலட்சமாக உயர்த்தியது. இந்த வேலையைச் செய்பவர்களுக்காக வாழ்நாள் முழுதும் போராடும் பெஸ்வாடா வில்சனுக்கு 2016இல் மக்சாசே விருது கிடைத்தது. சாதியின் பெயரால் ஒரு கூட்டத்தார் மீது சுமத்தப்பட்ட வேலை அங்கே அது. இங்கே நாம் சாதி பார்ப்பதில்லை என்று சொல்லிக்கொள்கிறோம். பவுசரோடு வந்த இளைஞருக்கு உம்மா தேநீர் கொடுத்தபோது, அவர் கோப்பையை வாங்கத் தயங்கியதை நான் பார்த்தேன். எத்தனை வீடுகளில் எப்படி நடத்தியிருந்தால் அந்தத் தயக்கம் வரும்!

அவரிடம் கையுறையும் இருக்கவில்லை. குழாய் அடைத்தபோது வெறுங்கையால்தான் இழுத்தெடுத்தார். அடைத்தது எது என்பதைப் பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் நான் எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது? பம்பர்ஸும் சனிற்றரி நாப்கினும்தான். அவை எந்தக் குழியிலும் உக்காது. வீட்டில் ஆண்கள் கண்ணில் பட்டுவிடும் என்ற வெட்கத்தில் கொமட்டுக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறோம். வெட்கம் எமக்கு, அதை வெறுங்கையால் எடுக்கும் வேலை இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு. ஒவ்வொரு மலசலகூடத்திலும் மூடியோடு ஒரு வாளி வைக்கப்படாத பாடசாலைகளில் மாணவிகளை மட்டும் குற்றஞ்சொல்லவும் என்னால் முடியாது.

வேலை முடிந்தது. வாப்பா பணத்தைக் கொடுத்தார், அவர்கள் ஒரு துண்டில் திகதியும் தொகையும் எழுதிக் கொடுத்தார்கள். நான் சாரதியிடம் கேட்டேன், "இதை எங்கே கொண்டுபோய் ஊத்துவீங்க?"

அவர் வாப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "அத ஏன் மகள் கேக்கிறீங்க? ஒங்கட வளவில ஊத்தமாட்டன், பயப்படாதீங்க."

அந்தப் பதிலில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் வளவில் ஊற்றாவிட்டால் நாங்கள் திருப்தி. வேறு யாருடைய வளவு, எந்தத் தென்னந்தோட்டத்துக் கிடங்கு, எந்தக் களப்பு ஓரம் என்று நாங்கள் கேட்பதில்லை. அவரை நான் குற்றவாளி ஆக்கவில்லை. ஒழுங்காக ஊற்றுவதற்குக் கிட்டிய தூரத்தில் ஓர் இடம் இருந்தால், எந்தச் சாரதியும் இருட்டில் ஒதுக்குப்புறம் தேடி டீசலை எரிக்கமாட்டார். நாட்டில் குழாய் வழியாகக் கழிவுநீர் போகும் வசதி மிகச் சிலருக்கே உண்டு. வெள்ளைக்காரன் காலத்தில் அந்த வசதியைப் பெற்ற கொழும்பு நகரமே வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் குழாய் விட்டுத்தான் அனுப்பி வந்திருக்கிறது. எஞ்சிய நாடு முழுவதும் குழியையும் பவுசரையும் நம்பி நிற்கிறது.

இங்கே ஒரு பழைய விடயத்தை நினைவூட்ட வேண்டும். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தில் மீதொட்டமுல்ல குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகு கொழும்புக் குப்பையை எமது மாவட்டத்தின் அருவக்காட்டுக்குக் கொண்டுவரத் தீர்மானித்தபோது புத்தளம் எழுந்து நின்றது. 2018இன் பிற்பகுதியில் தொடங்கிய அந்தப் போராட்டம் நூறு நாட்களைத் தாண்டியது. முஸ்லிம், தமிழ், சிங்களம் என்ற பிரிவில்லாமல் வந்தார்கள், பெண்கள் கைக்குழந்தைகளோடு வந்தார்கள். நான் அப்போது ஆரம்பப் பிரிவில் படித்துக்கொண்டிருந்தேன். 'உங்கள் குப்பை எங்களுக்கு எதற்கு?' என்பதுதான் அன்று எல்லோர் வாயிலும் இருந்த கேள்வி. நியாயமான கேள்வி. 2019 ஓகஸ்டில் குப்பை வரத் தொடங்கியபோது அழுதவர்களையும் எனக்குத் தெரியும். அதே மக்கள்தான், அதே வளவுகளில், தம் வீட்டுக் கழிவு எந்த ஏழையின் வேலியோரம் போகிறது என்று கேட்காமல் துண்டை மடித்துச் சட்டைப்பையில் வைக்கிறோம். கொழும்பிடம் கேட்ட கேள்வியை எமது பவுசரிடமும் கேட்டால்தான் அன்று நாம் கேட்டதற்கு முழு மதிப்பு இருக்கும்.

கேட்டால் தீர்வு உண்டா என்பீர்கள். உண்டு, அது ஒன்றும் விண்வெளி விஞ்ஞானம் அல்ல. தமிழ்நாட்டில் 2014இல் இதற்கென்றே அரசு வழிகாட்டி விதிகளை வெளியிட்டது. செங்கல்பட்டுக்கு அப்பால் கருங்குழி என்ற சிறிய பேரூராட்சியில், பக்கத்து ஊரான மதுராந்தகத்தின் கழிவையும் சேர்த்துச் சுத்திகரிக்கும் நிலையம் வந்தது. பெரிய நகரமல்ல, எமது ஊர்களைப் போன்ற இடம்தான். இத்தகைய நிலையங்களில் பொதுவாக நடப்பது எளிமையானது. பவுசர் வந்து கொங்கிரீட் பாத்திகளில் சேற்றை ஊற்றும். பாத்தியின் அடியில் சல்லியும் மணலும் இருக்கும். நீர் கீழே வடிந்து தனியாகச் சுத்திகரிக்கப்படும், மேலே எஞ்சும் சேறு வெயிலில் காய்ந்து வெடித்துக் கட்டியாகும். காய்ந்த உடனே தோட்டத்துக்குப் போட முடியாது, குடற்புழு முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், அதற்கான காலம் வைத்திருக்க வேண்டும். பிறகு அது பசளை.

பாத்தி கட்டி வெயிலில் காய வைக்கும் தொழிலை உலகத்தில் வேறு யாருக்குக் கற்றுக்கொடுத்தாலும் புத்தளத்தாருக்குக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை. பரம்பரை பரம்பரையாக உப்பளத்தில் அதைத்தான் செய்கிறோம். வருடத்தில் பல மாதங்கள் காய்கிற இந்த வெயிலும் காற்றும் எமக்கு இலவசம். ஒரேயொரு நிபந்தனை, எமது மணலில் அந்தப் பாத்திகளின் அடி கட்டாயம் நீர் கசியாததாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பெரிய அடியில்லாக் குழியைச் செலவழித்துக் கட்டியதாகிவிடும்.

பணம்? வீடுகளிடம் மட்டும் கேட்பது நியாயமில்லை. ஆலங்குடாவிலும் கண்டக்குழியிலும் டொல்பின் பார்க்கவும் காற்றாடிச் சறுக்கலுக்கும் வரும் பயணிகளுக்காகக் கட்டப்பட்ட ஹோட்டல்கள் உண்டு. ஒரே இரவில் ஆயிரம் பேர் சாப்பிட்டுக் கைகழுவும் கலியாண மண்டபங்கள் உண்டு. ஒரு வீட்டுக் குழியும் ஒரு மண்டபத்துக் குழியும் ஒன்றல்ல, ஆகவே கட்டணமும் ஒன்றாக இருக்கக்கூடாது. ஒவ்வொரு வருடமும் வியாபார அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கும்போது, கழிவை எங்கே ஒப்படைத்தார்கள் என்ற பற்றுச்சீட்டைக் காட்டச் சொன்னாலே பாதி வேலை முடியும். கழிவகற்றல் உள்ளூராட்சி சபைகளின் கடமை, அது சட்டத்திலேயே இருக்கிறது. வீடுகளைப் பொறுத்தவரை ஒரு நேரத்தில் பெருந்தொகை கொடுப்பதுதான் கஷ்டம். தொழில் இல்லாத காலத்தில் குழி நிரம்பினால் ஒரு மீனவர் என்ன செய்வார்? மாதாமாதம் சிறு தொகையாகச் சேர்த்து, முறை வைத்து ஒவ்வொரு தெருவாகப் பவுசர் வந்தால் ஏழை வீட்டுக்கும் அது கட்டுப்படியாகும். நிரம்பி வழிந்த பிறகு தொலைபேசி எடுக்கும் பழக்கமும் நிற்கும்.

வழிவது என்றதும் 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி நினைவுக்கு வருகிறது. வெள்ளம் வந்தால் கிணறு, குழி, முற்றம் என்ற வேறுபாடே இல்லை, எல்லாம் ஒரே தண்ணீர். வடிந்த பிறகு கிணற்றை இறைத்துக் குளோரின் போட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். பவுசரைப் பற்றிய ஒன்று பலருக்குத் தெரியாது. நிலம் நீரால் நிறைந்திருக்கும்போது பைபர் தாங்கியை முழுவதும் காலி செய்யக்கூடாது. வெறுந்தாங்கி தோணி மாதிரி மேலே கிளம்பி, குழாய்களை உடைத்துவிடும். மழைக்கு முன், செப்டெம்பர் அளவில் எடுத்துவிடுவதே எமது கரைக்குப் பொருத்தமான காலம்.

இவ்வளவுக்கும் முதலில் தேவைப்படுவது ஒரு வரி. பவுசர்காரர் எழுதித் தரும் துண்டில் திகதி இருக்கிறது, தொகை இருக்கிறது. 'கொண்டுசென்று ஒப்படைத்த இடம்' என்று ஒரு வரி இல்லை. அந்த வரியை அச்சிடும்படி சபை கட்டளையிட ஒரு சதமும் செலவில்லை. அதை நிரப்ப ஓர் இடம் வேண்டும் என்ற நெருக்கடி அப்போது தானாக வரும்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். எமது கல்லூரியில் நூற்றுக்கணக்கான மாணவிகள் படிக்கிறோம். இங்கே எத்தனை குழிகள் இருக்கின்றன, அவற்றுக்கு அடி இருக்கிறதா, கடைசியாக எந்த வருடம் எடுக்கப்பட்டன, நாம் குடிக்கும் தண்ணீர் அவற்றிலிருந்து எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் யாராவது எழுந்து கேட்க வேண்டும். பத்து நிமிடம் போதும். எங்கள் வீட்டுத் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு வர வாப்பா சம்மதித்திருக்கிறார்.